பேராதனைத் தோட்டத்தில் ஒரு போர்த் தலைமையகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். பனை வரிசையில் நடக்கும்போது, "இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனைக்கான தலைமையகம் இங்கேதான் இருந்தது" என்று ஒரு வார்த்தை விடுவேன். அவ்வளவுதான். வாசலுக்குத் திரும்பி வரும் வரை கேள்விகள் ஓயாது. வருபவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். எளிதானவை முதலில், போகப் போகச் சிக்கல்.

நேச நாடுகள் என்றாலே கூட்டுதானே? அதற்குத் தனியாக ஒரு "கூட்டுப்படைத் தலைமை" எதற்கு?

கூட்டணி என்பது அரசாங்கங்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. கூட்டுப்படைத் தலைமை என்பது ஒரு குறிப்பிட்ட போர்முனையில் பல நாட்டுப் படைகளையும், அவற்றின் தரை, கடல், வான் பிரிவுகளையும் ஒரே ஆளின் பொறுப்பில் விடுவது. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. முதல் உலகப் போரில் பிரான்சும் பிரிட்டனும் மூன்றரை வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்துப் பதுங்குகுழிகளில் நின்று சண்டை போட்டன. ஆனால் இரண்டு படைக்கும் பொதுவான தலைவர் என்று ஒருவர் இல்லை.

1918 மார்ச்சில் ஜெர்மானியர் இரண்டு படைகளுக்கும் நடுவில் ஆப்பு அடிக்கப் பார்த்தார்கள். அப்புறம்தான், மார்ச் 26ஆம் தேதி, துல்லான் என்ற சிற்றூரில் அவசரமாகக் கூடி, பிரெஞ்சுத் தளபதி ஃபோஷிடம் இருபடைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அடி விழுந்த பிறகு வந்த ஞானம்.

சரி, பேராதனையில் இருந்தது எது? யார் தலைவர்?

தென்கிழக்கு ஆசியக் கட்டளைத் தலைமையகம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "சீயாக்" என்பார்கள். 1943 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கூடியபோது முடிவானது. உச்சத் தளபதியாக லூயி மவுண்ட்பேட்டனை நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது 43. இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக நாம் அறிந்த அதே மவுண்ட்பேட்டன்தான்.

நவம்பர் 16ஆம் தேதி டெல்லியில் வேலை தொடங்கியது. 1944 ஏப்ரலில் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. மவுண்ட்பேட்டன் தங்கியது கண்டியில் உள்ள அரச மாளிகையில். பர்மா, மலாயா, சுமத்ரா, தாய்லாந்து, இலங்கை எல்லாம் இந்தக் கட்டளையின் எல்லைக்குள் வந்தன.

மவுண்ட்பேட்டன் கடற்படைக்காரர் ஆச்சே. காட்டுச் சண்டைக்கு அவர் எதற்கு?

உச்சத் தளபதி சண்டையை நேரடியாக நடத்துபவர் அல்ல. அவருக்குக் கீழே தரைப்படைக்கு ஜெனரல் கிஃபார்ட், கடற்படைக்கு அட்மிரல் சாமர்வில், விமானப்படைக்கு பியர்ஸ் என்று மூன்று தளபதிகள். கிஃபார்டுக்கும் கீழே 14ஆவது படையின் தளபதி ஸ்லிம். காட்டில் நின்று போரை நடத்தியவர் ஸ்லிம்தான்.

மவுண்ட்பேட்டனுக்கு முந்தைய வேலை, முப்படையும் சேர்ந்து கடற்கரையில் இறங்கும் தாக்குதல்களைத் திட்டமிடும் பிரிவின் தலைமை. அங்கே அவர் கணக்கில் ஒரு பெரிய கரும்புள்ளியும் உண்டு. 1942 ஆகஸ்டில் பிரான்சின் தியெப் கடற்கரையில் இறக்கிய கனடியப் படை பயங்கரமாக அடிவாங்கியது. அப்படியும் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அமெரிக்கர்களோடு நன்றாகப் பழகுவார், மூன்று படைப்பிரிவுகளின் பாஷையும் தெரியும், அரச குடும்பத்து உறவு. இந்தப் பதவிக்குப் போர்த்திறமையைவிட ஆட்களைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் திறமைதான் அதிகம் வேண்டியிருந்தது என்பது என் எண்ணம்.

"உச்ச"த் தளபதி என்றால் அவருக்கு மேலே யாரும் இல்லையா?

பெயரில் மட்டும்தான் உச்சம். 1941 டிசம்பரிலும் 1942 ஜனவரியிலும் வாஷிங்டனில் நடந்த மாநாட்டின் விளைவாக, பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் முப்படைத் தலைவர்களும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு உருவானது. எல்லாக் கூட்டுத் தளபதிகளும் கடைசியில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும்.

அதிலும் ஒரு வேலைப்பிரிவினை இருந்தது. பசிபிக் அமெரிக்காவின் பொறுப்பு. ஐரோப்பாவும் மத்தியதரைக் கடலும் இருவருக்கும் பொது. தென்கிழக்கு ஆசியா பிரிட்டனின் பொறுப்பு. அதாவது அன்றாட உத்தரவுகள் லண்டனிலிருந்து வரும். ஆனால் சரக்கு விமானங்களில் பெரும்பங்கு அமெரிக்காவினுடையது. உத்தரவு ஓரிடம், சாமான் வேறிடம். இனி வரும் பல பதில்களுக்கு இதுதான் வேர்.

அவ்வளவு பெரிய அலுவலகம் என்னதான் செய்துகொண்டிருந்தது?

பங்கு போட்டுக்கொண்டிருந்தது. கிண்டலாகச் சொல்லவில்லை. போரில் எல்லாத் தளபதிக்கும் எல்லாமும் வேண்டும். எதுவும் போதுமான அளவு இருக்காது. எந்தப் படைக்கு எத்தனை சரக்கு விமானம், எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை கப்பல், எந்தப் பாதைக்கு முதலிடம் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நாடும் தன் படைக்கே அள்ளிக்கொள்ளும்.

மேலேயிருந்து பறிக்கப்படுவதும் உண்டு. அந்தமானில் இறங்க 1943இல் ஒரு திட்டம் போட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் அது கைவிடப்பட்டது. கரையிறங்கும் படகுகள் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டன. கடல்வழித் தாக்குதலுக்கென்றே நியமிக்கப்பட்ட தளபதி, படகு இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பங்கு போடுவது தவிர இன்னொன்றும் செய்தார்கள். எல்லாப் படைக்கும் பொதுவான போக்கை வகுத்தார்கள். மழை, மலேரியா, மனஉறுதி என்ற மூன்றையும் மவுண்ட்பேட்டன் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொண்டார் (ஆங்கிலத்திலும் மூன்றும் "ம" என்றே தொடங்கும்). அதுவரை பர்மாவில் மழைக்காலம் வந்தால் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திவிடுவது வழக்கம். இனி மழையிலும் போர் நடக்கும் என்று முடிவு செய்தார்கள். 1943இல் ஒரு சிப்பாய் காயம்பட்டு வெளியேறினால் 120 பேர் நோயால் வெளியேறுகிறார்கள் என்று ஸ்லிம் கணக்கு சொன்னார். மலேரியா மாத்திரையைத் தினமும் விழுங்கவைத்ததும், மருத்துவமனையைப் போர்முனைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனதும் எந்தத் துப்பாக்கியைவிடவும் குறைந்த உதவியல்ல.

பங்கு போடுவதெல்லாம் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறதே. அதனால் ஒரு போர் மாறியதா?

இம்பால் மாறியது. 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை மலைப்பாதைகள் வழியே இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி நகர்ந்தது. ஸ்லிம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தார்கள். உதவிக்கு அனுப்பக்கூடிய 5ஆவது இந்தியப் பிரிவு இருந்ததோ தெற்கே, பர்மாவின் மேற்குக் கரையில் உள்ள அரக்கானில். சாலையிலும் ரயிலிலும் அனுப்பினால் அது வந்து சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். ஆனால் சும்மா நிற்கும் சரக்கு விமானம் ஒன்றுகூட இல்லை.

இருந்தவை எல்லாம் "ஹம்ப்" பாதையில் பறந்துகொண்டிருந்தன. அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் பாதை அது. அந்த விமானங்கள் அமெரிக்கருடையவை. வாஷிங்டனைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். மவுண்ட்பேட்டன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். வடக்குப் போர்முனையில் ஜீப் ஓட்டும்போது ஒரு மூங்கில் அவர் கண்ணில் குத்திவிட்டது. கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்துக்கொண்டு, மருத்துவர்கள் சொல்லியும் கேளாமல், ஸ்லிமைப் பார்க்கக் கொமில்லாவுக்குப் பறந்தார். ஹம்ப் விமானங்களைத் திருப்பிக்கொள்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று மேலே தகவல் அனுப்பினார். மேலிடம் பிறகு ஒப்புதல் தந்தது. மார்ச் 19 முதல் ஆட்கள், பீரங்கிகள், கோவேறு கழுதைகள் உட்பட அந்தப் பிரிவு வான்வழியே வந்து இறங்கத் தொடங்கியது.

முற்றுகை ஜூன் 22 வரை நீடித்தது. அத்தனை நாளும் இம்பாலுக்கு அரிசியும் குண்டும் வானத்திலிருந்துதான் வந்தன. கடன் வாங்கிய விமானங்களைத் திருப்பிக் கேட்டு மேலிடம் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. மத்தியதரைக் கடல் போர்முனையிலிருந்தும் சில விமானங்கள் கைமாற்றாக வந்தன. ஸ்லிம் மட்டும் இருந்திருந்தால் இந்த விமானங்களைக் கேட்டிருக்கத்தான் முடியும். எடுத்திருக்க முடியாது.

அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் ஒரே எதிரியோடுதானே சண்டை போட்டார்கள்? அப்புறம் ஏன் இழுபறி?

எதிரி ஒன்றுதான், போக வேண்டிய ஊர் வேறு வேறு. அமெரிக்காவுக்கு பர்மாவில் வேண்டியது வடக்கு மூலை மட்டும். அங்கே ஒரு சாலை போட்டுச் சீனாவுக்குச் சாமான் அனுப்பினால், சீனா ஜப்பானியரைக் கட்டிவைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பிரிட்டனுக்கோ ரங்கூனும் சிங்கப்பூரும் வேண்டும். இழந்த மானத்தையும் காலனிகளையும் மீட்க வேண்டும்.

சீயாக்கின் ஆங்கில எழுத்துகளுக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் வேறொரு விரிவு வைத்திருந்தார்கள். "இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று" என்று அதற்கு அர்த்தம். நகைச்சுவைதான், ஆனால் பொய்யில்லை. 1944 தொடக்கத்தில் சுமத்ராவில் இறங்கும் திட்டத்துக்கு ஆதரவு கேட்டு மவுண்ட்பேட்டன் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் ஒரு குழுவை அனுப்பினார். அவருடைய துணைத் தளபதியே அதைக் கெடுப்பதற்கு இன்னொரு குழுவை வாஷிங்டனுக்கு ரகசியமாக அனுப்பினார். அவர் யார் என்பது அடுத்த பதிலில்.

அந்த "வினிகர் ஜோ" கதை உண்மையா?

உண்மைதான். ஜோசப் ஸ்டில்வெல், அமெரிக்க ஜெனரல். நாக்கு அவ்வளவு புளிப்பு என்பதால் அந்தப் பட்டப்பெயர். கூட்டுத் தலைமை எங்கே இடறும் என்று காட்ட இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவர் மவுண்ட்பேட்டனின் துணை உச்சத் தளபதி. அதே நேரத்தில் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படைத்தலைமை அதிகாரி. சீனா, பர்மா, இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி. வடக்கு பர்மாவில் சண்டையிட்ட சீனப் பிரிவுகளின் களத் தளபதியும் அவரே. சீனாவுக்குப் போகும் அமெரிக்க உதவிச் சாமான்களின் பொறுப்பாளர் என்ற தொப்பி வேறு. ஒரு தொப்பியில் கிஃபார்டுக்கு மேலே, இன்னொரு தொப்பியில் கிஃபார்டுக்குக் கீழே.

கிஃபார்டின் கீழ் வேலை செய்ய மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார். கூட்டத்தில் எல்லோரும் திகைத்து நிற்க, அவரே ஒரு வழி சொன்னார்: காமயிங் என்ற ஊரைப் பிடிக்கும் வரை ஸ்லிமின் கீழ் இருக்கிறேன். ஸ்லிமோ கிஃபார்டுக்கும் கீழே இருப்பவர்! படிநிலை வரைபடத்தில் இது எங்கேயும் பொருந்தாது. ஆனால் 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய நாட்களில் இருவரும் சேர்ந்து அடிபட்டவர்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு இருந்தது. மவுண்ட்பேட்டன் ஒத்துக்கொண்டார், ஏற்பாடும் நடந்தது.

1944 அக்டோபரில் சியாங் கை ஷேக்கோடு ஏற்பட்ட பிணக்கால் ஸ்டில்வெல் திரும்ப அழைக்கப்பட்டார். அவருடைய தொப்பிகளைப் பிரித்து மூன்று ஜெனரல்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

தனக்கு வந்த கட்டளை தன் நாட்டுக்கே கேடு என்று ஒரு தளபதி நினைத்தால்?

தன் அரசாங்கத்திடம் முறையிடலாம். இது ரகசியமல்ல, எழுதி வைத்த உரிமை. முதல் கேள்வியில் சொன்ன ஃபோஷ் காலத்திலேயே, படைக்கு ஆபத்து என்று பட்டால் தம் அரசிடம் போக பிரிட்டிஷ் தளபதிக்கு வழி விட்டிருந்தார்கள். கட்டாயம் என்றால் எந்த நாடும் சேராது. எல்லாரும் தினமும் முறையிட்டால் தலைமையே இருக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் வண்டி ஓடுகிறது.

சிப்பாய்களின் தண்டனை, பதவி உயர்வு, சம்பளம், சாப்பாடு எல்லாம் அந்தந்த நாட்டின் கையிலேயே இருக்கும். தப்பு செய்த அமெரிக்கச் சிப்பாயை பிரிட்டிஷ் உச்சத் தளபதி ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. எங்கே போய்ச் சண்டை போடு என்று மட்டும் சொல்லலாம்.

ஒரே நாட்டுக்காரர்களுக்குள் சண்டை வரவில்லையா?

அதுதான் அதிகம். அட்மிரல் சாமர்வில் பிரிட்டிஷ்காரர், மவுண்ட்பேட்டனும் பிரிட்டிஷ் கடற்படைக்காரர், அதுவும் வயதிலும் பணியிலும் இளையவர். சாமர்வில் நடத்திய கீழைக் கடற்படை இந்துமாக்கடல் முழுவதுக்கும் பொறுப்பு. அதற்கு உத்தரவு லண்டன் கடற்படை அமைச்சிலிருந்து. சீயாக் எல்லைக்குள் நடக்கும் தாக்குதலுக்கு மட்டும் மவுண்ட்பேட்டன். அப்படியானால் கடற்படை யாருடையது என்று இருவரும் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டார்கள். 1944 ஆகஸ்டில் சாமர்வில் மாற்றப்பட்டார்.

தரைப்படையில் இன்னும் மோசம். 1945 மே மாதம் ரங்கூன் கைக்கு வந்த கையோடு, கிஃபார்டுக்குப் பின் வந்த ஜெனரல் லீஸ், ஸ்லிமையே 14ஆவது படையிலிருந்து நகர்த்தப் பார்த்தார். வென்ற தளபதிக்கு அந்தப் பரிசு! கடைசியில் லீஸ்தான் வீட்டுக்குப் போனார். அந்த இடத்துக்கு ஸ்லிம் வந்தார்.

கடற்படைக் கூட்டு உருப்படியாக எதுவும் செய்யவே இல்லையா?

செய்தது. 1944 ஏப்ரல் 19ஆம் தேதி சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கினார்கள். திருகோணமலையிலிருந்து கிளம்பிய அந்தக் கப்பல் கூட்டத்தில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஆறு நாட்டுக் கொடிகள். விமானந்தாங்கிகள் இரண்டு: பிரிட்டனின் இல்லஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சாரடோகா. கடலில் விழுந்த ஒரு அமெரிக்க விமானியை, கரையிலிருந்து குண்டு வந்துகொண்டிருக்கும்போதே, பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று மேலே வந்து ஏற்றிக்கொண்டது. எந்த நாட்டுக்காரன் விழுந்தாலும் யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

கண்டியில் குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு பர்மாவில் போர் நடத்தியதாகக் கேலி செய்கிறார்களே?

அப்போதே செய்தார்கள். இம்பால் இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல். தோட்டத்திலோ ஆயிரக்கணக்கான அலுவலர்கள், மூங்கில் கூரைக் கொட்டகைகள், மாலையில் விருந்துகள். மவுண்ட்பேட்டனுடைய திட்டமிடுவோர் ஒரு பக்கம், மூன்று தளபதிகளின் திட்டமிடுவோர் இன்னொரு பக்கம் என்று ஒரே தாக்குதலுக்கு இரண்டு கோப்புகள் ஓடிய காலமும் உண்டு. கேலியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இடத்தேர்வு முட்டாள்தனம் இல்லை. டெல்லியில் ஏற்கெனவே இந்தியத் தலைமைத் தளபதியின் அலுவலகம் இருந்தது. ஒரே உறையில் இரண்டு வாள். கடல்வழியே மலாயாவுக்குப் போவதுதான் ஆரம்பத் திட்டம் என்பதால் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்க நினைத்தார்கள். அந்தப் போர் நடக்காமல் காட்டுப் போர் நடந்தது, அவ்வளவுதான். இடையில் ஒரு செய்தி: கண்டியில் இருந்த அமெரிக்க உளவுப் பிரிவில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், பின்னாளில் பிரெஞ்சுச் சமையலை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலமாக்கிய ஜூலியா சைல்டு.

இதற்கு முன் இங்கே இப்படி ஒன்றை முயன்று தோற்றதுண்டா?

உண்டு, படுதோல்வி. 1942 ஜனவரியில் அமெரிக்க, பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியப் படைகளைச் சேர்த்து ஜாவாவில் ஒரு கட்டளை அமைத்தார்கள். தளபதி பிரிட்டிஷ் ஜெனரல் வேவல். பர்மாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வட கரை வரை அவர் பொறுப்பு. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. 25ஆம் தேதி கட்டளையே கலைந்தது. ஆறே வாரம்.

கலைந்த இரண்டாம் நாள் ஜாவாக் கடலில் மிச்சமிருந்த நான்கு நாட்டுக் கப்பல்கள் டச்சுத் தளபதி டோர்மனின் தலைமையில் ஜப்பானியரை எதிர்த்தன. அவை அதற்குமுன் ஒன்றாகப் பயிற்சி செய்ததே இல்லை. பொதுவான சமிக்ஞைக் குறியீடு கிடையாது. டச்சு உத்தரவை ஒரு அமெரிக்க அதிகாரி மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். டோர்மன் தன் கப்பலோடு மூழ்கினார். தலைவரை நியமித்தால் மட்டும் கூட்டு ஆகாது. ஒரே குறியீடு, ஒரே வரைபடம், சேர்ந்து செய்த பயிற்சி எல்லாம் வேண்டும். சபாங் தாக்குதலுக்கு முன் அதற்கெல்லாம் நேரம் இருந்தது.

ஐரோப்பாவில் உச்சத் தளபதியாக இருந்த அமெரிக்க ஜெனரல் ஐசனாவர் செய்ததும் இதே வேலைதானா?

வேலை அதே, வசதி வேறு. அவருக்குத் துணையாக பிரிட்டிஷ் விமானப்படையின் டெடர், கீழே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ராம்சே என்று தலைமையகத்திலேயே நாடுகளைக் கலந்து வைத்தார். 1944 ஜூனில் வானிலை பார்த்து நார்மண்டிப் படையெடுப்பை ஒருநாள் தள்ளிப்போட்டு, மறுநாள் "போகலாம்" என்று அவர் ஒருவராகச் சொல்ல முடிந்தது. டிசம்பரில் ஜெர்மானியர் ஆர்டென்ஸ் காட்டில் உடைத்துக்கொண்டு வந்தபோது, இரண்டு அமெரிக்கப் படைகளைத் தற்காலிகமாக பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியிடம் ஒப்படைத்தார். அமெரிக்கத் தளபதிகள் கொதித்தார்கள், ஆனாலும் நடந்தது. படகு, விமானம், ஆள் எதிலும் அவருக்கே முதலிடம். சீயாக் கடைசி வரிசை.

இந்தியப் படைக்கு இதில் என்ன இடம்? தமிழர்கள் இருந்தார்களா?

14ஆவது படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. கூடவே கூர்க்காக்கள், பிரிட்டிஷார், கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கர்கள். 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிவு இலங்கையில் இருந்துவிட்டுத்தான் பர்மாவுக்குப் போனது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவில் நம்மவர்கள் பாலமும் பாதையும் போட்டார்கள். ஆனால் மேல்மேசையில் இந்தியாவுக்கு நாற்காலி இல்லை. ஆக்கின்லெக் என்ற பிரிட்டிஷ் தளபதியின் கீழ் இந்தியா பயிற்சிக்களமாகவும் கிடங்காகவும் இருந்தது. ரத்தமும் அரிசியும் இங்கிருந்து, முடிவு அங்கிருந்து.

எதிர்ப்பக்கத்திலும் தமிழர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னைக்காரர். சிங்கப்பூரில் அந்த ராணுவம் எழுப்பிய நினைவுத்தூணை, திரும்பி வந்த பிரிட்டிஷார் 1945இல் தகர்த்துவிட்டார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில் உண்டு.

பிடித்த ஊரை யார் ஆள்வது? அதுவும் தளபதியா?

ஆம், சிவில் அரசு திரும்பும் வரை. இங்கேதான் ராணுவத் தலைமை அரசியலில் கால் வைக்கிறது. 1945 மார்ச் 27ஆம் தேதி, ஜப்பானியர் வளர்த்த பர்மிய தேசியப் படை ஆங் சான் தலைமையில் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. அவரைத் துரோகி என்று விசாரிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகிகளில் பலர் சொன்னார்கள். மவுண்ட்பேட்டன் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார். மே மாதம் ஆங் சான் ஸ்லிமை நேரில் வந்து சந்தித்தார். சரியான முடிவென்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் ஜப்பானியரோடு முடிந்த கையோடு பர்மியரோடும் சண்டை போட்டிருக்க வேண்டும்.

மலாயாவில் அவ்வளவு நன்றாக நடக்கவில்லை. ராணுவ நிர்வாகம் வந்தவுடன் ஜப்பானியர் அச்சடித்த "வாழைமர நோட்டு" செல்லாது என்று அறிவித்தது. மூன்றரை வருடம் அந்தக் காசில் கூலி வாங்கிய தோட்டத் தொழிலாளி, ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்.

ஜப்பான் சரணடைந்தவுடன் வேலை முடிந்துவிட்டதா?

இரட்டிப்பானது. போட்ஸ்டாம் மாநாட்டு முடிவின்படி, 1945 ஆகஸ்ட் 15 முதல் டச்சு இந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா), 16ஆவது அட்சக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள இந்தோசீனாவும் சீயாக் தலையில் விழுந்தன. டோக்கியோ விரிகுடாவில் கையெழுத்து ஆகும் வரை யாரும் எங்கும் இறங்கக்கூடாது என்று பசிபிக்கின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் சொல்லிவிட்டார். அது செப்டம்பர் 2ஆம் தேதிதான் ஆனது. சிறைமுகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பர் 9இல் மலாயாவின் மோரிப் கடற்கரையில் இறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்தன. எதிரே ஜப்பானியர் சுட்டிருந்தால் பேரழிவு. 12ஆம் தேதி சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் முறையான சரணடைவு.

ஜப்பானியரையே காவலுக்கு வைத்தார்களாமே?

வைத்தார்கள். வியட்நாமின் சைகோனில் இறங்கிய ஜெனரல் கிரேசியின் 20ஆவது இந்தியப் பிரிவுக்கு ஆள் போதவில்லை. ஆயுதம் களைய வேண்டிய ஜப்பானியச் சிப்பாய்களையே வியட்நாமியருக்கு எதிராகக் காவலுக்கும் சண்டைக்கும் பயன்படுத்தினார்கள். ஜாவாவில் சுரபாயாவில் அக்டோபர் 30ஆம் தேதி பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட, நவம்பரில் இந்தியச் சிப்பாய்கள் இந்தோனேசிய விடுதலை வீரர்களோடு தெருத்தெருவாக மோதினார்கள். தன் விடுதலைக்காகக் காத்திருந்த நாட்டின் சிப்பாய், பக்கத்து நாட்டு விடுதலையை நசுக்க அனுப்பப்பட்டான். நேரு கண்டித்தார். பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் நேச நாடுகள். அவர்களுடைய காலனியைத் திருப்பிக் கொடுப்பதும் கூட்டின் கணக்கில் வந்துவிட்டது. அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த அந்த விரிவு இங்கே பலித்தது.

இன்றைக்கும் இந்த மாதிரிக் கட்டளைகள் உண்டா?

உண்டு. நேட்டோவுக்கு 1951 முதல் நிரந்தரத் தலைமையகம் இருக்கிறது; தென்கொரியாவில் அமெரிக்க, கொரியக் கூட்டுக் கட்டளை 1978 முதல். எல்லோரும் ஒரே தலைவரை ஏற்பதில்லை. 1991 வளைகுடாப் போரில் மேற்கத்தியப் படைகள் அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காஃபின் கீழும், அரபுப் படைகள் சவூதி இளவரசர் காலித் பின் சுல்தானின் கீழும் இருந்து, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் பேராதனைத் தலைமையகம் என்ன ஆனது?

போர் முடிந்ததும் சிங்கப்பூருக்குப் போனது. 1946 நவம்பர் 30ஆம் தேதி கட்டளை கலைக்கப்பட்டது. தோட்டம் மறுபடி தோட்டமானது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. போர்முனைச் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் கேட்க "ரேடியோ சீயாக்" என்று கொழும்பில் ஒரு நிலையமும், ஏக்கலவில் பலமான சிற்றலை ஒலிபரப்பியும் வைத்திருந்தார்கள். அதைப் பிறகு இலங்கை அரசிடம் ஒப்படைத்தார்கள். ராமேஸ்வரம் முதல் சென்னை வரை காலையில் எழுந்தவுடன் திருகிய இலங்கை வானொலி, அந்த ஒலிபரப்பியிலிருந்து வளர்ந்ததுதான்.